படத்துக்குக் கீழே ஒரு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வானத்தில் ஏதாவது விசேஷம் என்றால் தங்கள் இதழ் அதற்குத் தாராளமாக இடம் ஒதுக்குகிறது. கிரகணமோ, வால்நட்சத்திரமோ, துருவ ஒளியோ, மறுநாளே வண்ணப்படம் வந்துவிடுகிறது. பள்ளி ஆசிரியையான எனக்கு இதில் மிகுந்த மகிழ்ச்சி. அந்தப் படங்களை வெட்டி வகுப்பறைச் சுவரில் ஒட்டிவைக்கிறேன். ஆனால் படத்தின் கீழே ஓர் அழகான தலைப்பும் எடுத்தவர் பெயரும் மட்டுமே இருக்கின்றன. எந்த ஊரில், எத்தனை மணிக்கு, கேமராவின் ஷட்டரை எவ்வளவு நேரம் திறந்துவைத்து எடுத்தார்கள், வெறும் கண்ணுக்கு அந்தக் காட்சி எப்படித் தெரிந்தது என்பதையும் ஒரு வரியில் சேர்த்து அச்சிட வேண்டும் என்று கேட்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

2024 செப்டம்பர் இறுதியில் சுசின்ஷான்-அட்லஸ் வால்நட்சத்திரம் விடியலுக்கு முன் கிழக்கு வானில் தெரிந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். செப்டம்பர் 27 அன்று அது சூரியனை மிக நெருங்கிக் கடந்தது. அந்த நாள்களில் பல பத்திரிகைகளிலும் வந்த படங்களில் அதன் வால் பளபளவென்று நீண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு எங்கள் ஊர் ஏரிக்கரைக்குப் பிள்ளைகளும் பெற்றோரும் அதிகாலையிலேயே வந்து கூடிவிட்டார்கள். ஐந்து மணி தாண்டியதும், அடிவானத்துக்குச் சற்று மேலே, கரும்பலகையில் சாக்பீஸால் லேசாக இழுத்துப் பாதி அழித்துவிட்டதைப்போல ஒரு தீற்றல் தெரிந்தது. அதற்குள் வானமும் வெளுக்கத் தொடங்கிவிட்டது. “இவ்வளவுதானா டீச்சர்?” என்றாள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி. அந்த நேரம் பார்த்து ஒருவர் தன் செல்போனை மதகின் சுவரில் சாய்த்துவைத்து, இரவுப் படம் எடுக்கும் வசதியில் சில விநாடிகள் அசையாமல் விட்டார். திரையில் வால் தெளிவாக விழுந்தது. உடனே கூட்டம் முழுவதும் வானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தச் சிறிய திரையைச் சுற்றி நின்றுவிட்டது.

அந்த மாணவியின் ஏமாற்றம் எனக்கு இன்னும் வருத்தம் தருகிறது. கோடிக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஒரு பனிக்கட்டிப் பிண்டம், சூரிய வெப்பத்தில் ஆவியையும் தூசியையும் உதறிக்கொண்டு போவதை அவள் தன் கண்ணாலேயே பார்த்தாள். படம் மட்டும் முன்கூட்டியே அவள் மனத்தில் வேறொன்றை வரைந்து வைத்திராவிட்டால், அந்தத் தீற்றலைக் கண்டதும் துள்ளிக் குதித்திருப்பாள். பிறகு பைனாகுலரைக் கொடுத்து, நேராகப் பார்க்காமல் சற்று ஓரமாகப் பார்க்கச் சொன்னேன். வால் எங்கே முடிகிறது என்பதை அவளே விரலால் காட்டினாள்.

இதில் படம் எடுப்பவர்கள் மீது எந்தக் குற்றமும் இல்லை. கண்ணும் கேமராவும் வேலை செய்யும் விதமே வேறு. நம் கண் ஒளியைச் சேர்த்துவைத்துக்கொள்ளாது. ஒரு விநாடியின் சிறு பகுதிக்குள் வந்த ஒளியை வைத்துக் காட்சியை உருவாக்கிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். கேமராவோ பத்து விநாடி, இருபது விநாடி என்று ஒளியைச் சொட்டுச் சொட்டாகச் சேமிக்கும். மேலும், இருட்டில் நமக்குப் பார்வை தருபவை விழித்திரையின் குச்சி செல்கள். அவற்றுக்கு நிறம் தெரியாது. அதனால்தான் படத்தில் நீலமும் ஊதாவுமாக விரியும் பால்வீதி, நேரில் வெளிறிய சாம்பல் பட்டையாகத் தெரிகிறது. அந்தச் சாம்பல் பட்டைக்கென்று ஓர் அழகு உண்டு. இருட்டில் இருபது முப்பது நிமிடம் பொறுமையாக நின்று கண் பழகிய பிறகே அது பிடிபடும். அந்தப் பொறுமையைப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர நினைக்கும்போது, வண்ணப்படம் எதிர்த்திசையில் இழுக்கிறது.

சூரியனிலிருந்து பாயும் துகள்கள் துருவப் பகுதிகளுக்கு மேலே உயரத்தில் உள்ள காற்றோடு மோதி எழுப்பும் துருவ ஒளி விஷயத்தில் இந்தக் குழப்பம் இன்னும் பெரிது. 2024 மே 10, 11 தேதிகளில் பூமியைத் தாக்கிய சூரியப் புயல், 2003ஆம் ஆண்டுக்குப் பிறகு வந்த மிகக் கடுமையான புயல். லடாக்கின் ஹான்லேயில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் கேமராக்களில் வடக்கு அடிவானம் சிவந்து பதிவானது. அந்தப் படம் நாடெங்கும் வெளியானது, நியாயமாகவே வெளியானது. ஆனால் அது ஏன் சிவப்பாக மட்டும் இருந்தது? ஏறத்தாழ 100 முதல் 150 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் ஆக்சிஜன் பச்சை ஒளியைத் தரும். 200 கிலோமீட்டருக்கு மேலே இருப்பது சிவப்பைத் தரும். ஹான்லேக்கு வெகு வடக்கே அந்தக் காட்சி நடந்துகொண்டிருந்ததால், பச்சைப் பகுதி பூமியின் வளைவுக்குக் கீழே மறைந்துபோய், உச்சியில் இருந்த சிவப்பு மட்டும் எட்டிப் பார்த்தது. இருட்டில் நம் கண் மிகக் குறைவாக உணரும் நிறமும் சிவப்புதான். இவ்வளவு சுவையான விஷயத்தை ஒரு வரியாவது சொல்லியிருந்தால், லடாக்குக்கு டிக்கெட் எடுத்தால் நார்வேயைப்போலத் துருவ ஒளி பார்க்கலாமா என்று என்னிடம் வந்து கேட்டவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள்.

வாசகர்கள் அனுப்பும் படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோபுரத்துக்குப் பின்னால் பெரிய நிலா இருக்கும் படங்கள் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் வருகின்றன. அவற்றில் உண்மையானவை உண்டு. அவற்றுக்குப் பின்னால் கடும் உழைப்பும் உண்டு. நிலா வானில் ஏறத்தாழ அரை பாகை (டிகிரி) அகலமே உள்ளது. திருவண்ணாமலை ராஜகோபுரத்தின் உயரம் 217 அடி. அந்தக் கோபுரத்தின் அளவுக்கு நிலா படத்தில் தெரிய வேண்டுமானால், எடுத்தவர் ஏழு கிலோமீட்டருக்கும் அப்பால் நின்று, தொலைவில் உள்ளதைக் கிட்டே காட்டும் பெரிய டெலி லென்ஸைப் போட்டு, நிலா கோபுரத்துக்கு நேராக வரும் அந்தச் சில நிமிடங்களுக்காகக் காத்திருந்திருக்க வேண்டும். எங்கே நின்றார் என்று போட்டால் அந்த உழைப்பு வாசகருக்குத் தெரியும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அது ஒரு கணக்குப் பாடமாகவும் ஆகும். ஒரு படத்தின் நிலாவை இன்னொரு படத்தின் கோபுரத்தோடு ஒட்டுவதும் நடக்கிறது. பிறை நிலாவின் இருண்ட பகுதிக்குள்ளேயே நட்சத்திரம் மின்னும் படத்தைக்கூட ஓர் இதழில் பார்த்தேன். ஒட்டுப்படம் போடுவதில் தவறில்லை. ஒட்டுப்படம் என்று சொல்லிவிட்டுப் போட வேண்டும்.

நேரமும் இடமும் இல்லாத வானப் படம் ஆய்வுக்கும் உதவாது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள். அந்தப் படங்கள் பதிவான பழைய கண்ணாடித் தட்டுகளை இன்றும் ஆய்வாளர்கள் பயன்படுத்த முடிவதற்குக் காரணம், எடுத்த நாளும் நேரமும் பதிவாகியிருப்பதே. எங்களுக்குப் பக்கத்தில் காவலூரில் இருக்கும் வானாய்வகம் யார் பெயரைத் தாங்கி நிற்கிறதோ அந்த வானியலாளர் வைணு பாப்பு, 1949இல் அமெரிக்காவில் மாணவராக இருந்தபோது ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர். அதுவும் புகைப்படத் தட்டு ஒன்றில் கண்டதுதான். எடுத்த நேரம் தெரியாவிட்டால் ஒரு வால்நட்சத்திரத்தின் பாதையைக் கணக்கிட வழியே இல்லை. இன்று நம் ஊர்களில் பிள்ளைகள் கையில் இருக்கும் போன்களிலேயே வானம் பதிவாகிறது. எந்த ஊரில், எத்தனை விநாடியில் எடுத்தது என்ற குறிப்போடு அவற்றைச் சேர்த்துவைத்தால், தெருவிளக்குகளும் விளம்பரப் பலகைகளும் நம் இரவை எவ்வளவு வெளுக்கச் செய்துவிட்டன என்பதற்கு இருபது ஆண்டு கழித்து அவையே சாட்சியாகும்.

இடப் பற்றாக்குறை என்று தாங்கள் சொல்லலாம். நான் கேட்பது இவ்வளவுதான்: “ஏலகிரி, அதிகாலை 5.10, நான்கு விநாடி, ஒரே படம். வெறும் கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்தது.” ஒரு வரிக்குள் அடங்கிவிடுகிறது. வாசகர் படங்களைக் கேட்டு அறிவிப்பு வெளியிடும்போதே இந்த விவரங்களையும் அனுப்பச் சொல்லிவிட்டால் தங்கள் அலுவலகத்துக்கும் கூடுதல் வேலை இருக்காது.

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 13, 14 தேதிகளை ஒட்டிய இரவுகளில் ஜெமினிட் எரிகற்கள் விழும். ஒரே வானத்தில் ஐம்பது அறுபது கோடுகள் சீறிப் பாய்வதைப்போன்ற படங்கள் தங்களுக்கு நிச்சயம் வரும். இரவு முழுவதும் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களிலிருந்து கோடுகளைப் பொறுக்கி ஒன்றாகச் சேர்ப்பது அதில் வழக்கம். நேரில் பார்ப்பவர் ஒன்றைப் பார்த்துவிட்டு, அடுத்ததற்குச் சில நிமிடம் கழுத்து வலிக்கக் காத்திருக்க வேண்டும். அந்த வரியைத் தாங்கள் இந்த டிசம்பர் படத்திலிருந்தே தொடங்கினால், மொட்டைமாடியில் பாய் விரித்துக் காத்திருக்கப்போகும் எங்கள் மாணவர்கள் நன்றியோடு இருப்பார்கள்.

இப்படிக்கு,
பள்ளி ஆசிரியை ஒருவர்,
ஆலங்காயம், திருப்பத்தூர் மாவட்டம்.