சாட்சி சொன்ன தம்பிக்கும், கையெழுத்தைத் தடுத்த அய்யாவுக்கும், மற்ற எல்லாருக்கும்

வணக்கம்.

என் கணவருக்குச் சேர வேண்டிய நஷ்டஈடு வட்டியோடு வந்துவிட்டது. நேரில் பார்க்க முடிந்தவர்களிடம் நன்றி சொல்லிவிட்டோம். பெயர் தெரியாதவர்கள், பெயர் போட வேண்டாம் என்றவர்கள், வேலை மாறிப் போனவர்கள் என்று இன்னும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இந்த மடல்.

மதுரை அனுப்பானடிப் பக்கம் ஆறே பேர் வேலை பார்த்த எவர்சில்வர் பட்டறை அது. பிரஸ் மெஷினில் தகடு வைத்து எடுக்கும் வேலை அவருக்கு. மிதிக்காமலேயே சில நேரம் மெஷின் இறங்குகிறது என்று முதலாளியிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் அப்படித்தான் இறங்கியது. வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஷேர் ஆட்டோ அண்ணே, ஏறியிருந்தவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி இறக்கிவிட்டு, காமராசர் சாலை நெரிசலுக்குள் புகுந்து பெரியாஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தீர்கள். காசும் வாங்கவில்லை. இதைப் படித்தால் ஒரு தடவை வீட்டுக்கு வாருங்கள்.

அன்று டூட்டியில் இருந்த டாக்டரம்மா, உங்களுக்கு நாங்கள் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறோம் என்று உங்களுக்கே தெரிந்திருக்காது. கூட வந்த பட்டறை ஆள், வீட்டில் அடிபட்டதாக எழுதச் சொன்னார். நீங்கள் அவரை விலக்கிவிட்டு என் கணவரிடமே கேட்டீர்கள். வேலை செய்யும் இடத்தில் பிரஸ் மெஷினில் கை சிக்கியது என்று விபத்துப் பதிவேட்டில் எழுதினீர்கள். மது வாடை இல்லை என்றும் குறித்தீர்கள். பின்னால் விசாரணையில், "குடித்துவிட்டு வேலைக்கு வந்தார்" என்று எதிர்த்தரப்பு கிளப்பியபோது அந்த ஒரு வரிதான் காப்பாற்றியது. இப்படிப்பட்ட காயத்தில், போதையால்தான் விபத்து நேர்ந்தது என்று நிரூபித்துவிட்டால் முதலாளி பணம் கொடுக்க வேண்டியதில்லை என்று சட்டம் சொல்கிறதாம்.

அடுத்து எதிர்வீட்டு அய்யா. மில்லில் சங்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பட்டறையிலிருந்து 25,000 ரூபாயும் ஒரு முத்திரைத்தாளும் கொண்டுவந்தார்கள். இனி எந்தப் பாக்கியும் இல்லை, வழக்குக்கும் போக மாட்டேன் என்று அதில் டைப் அடித்திருந்தது. அந்த வாரம் எங்கள் வீட்டில் அரிசி வாங்கவே காசில்லை, மகளிர் குழுக் கடன் தவணை வேறு நின்றது. அய்யா தாளை வாங்கி முழுக்கப் படித்தார். "உரிமையை விட்டுட்டேன்னு எழுதிக் கொடுத்தாலும் சட்டப்படி அது செல்லாதும்மா. ஆனா இதைக் காட்டியே வருசக்கணக்கா இழுப்பாங்க. போடாதீங்க" என்றார். வந்தவர்கள் முகம் மாறிப்போய்த் திரும்பினார்கள்.

அப்புறம் அவர் எங்களை உட்கார வைத்து, காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினார். எங்கள் விபத்துக்குப் பொருந்துவது 1923-ஆம் ஆண்டின் நஷ்டஈட்டுச் சட்டம். மாதச் சம்பளத்தில் 60 சதவீதம் எடுத்து, வயதுக்கு என்று சட்டத்தில் கொடுத்திருக்கிற எண்ணால் பெருக்க வேண்டும். 34 வயதுக்கு அது 199.40. ஒரு கையில் மூன்று விரல்கள் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போயிற்று என்று அட்டவணையே சொல்கிறது. வாரம் 3,000, மாதம் 12,000 என்று வைத்துப் பெருக்கி, அதில் 30 சதவீதம் எடுத்தால் 4,30,704 ரூபாய். ஆஸ்பத்திரிச் செலவு இதில் சேராது, அது தனி. அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். யாரிடமும் பிச்சை கேட்கவில்லை, தனக்கு உரியதைக் கேட்கிறோம் என்ற தெளிவு அவருக்கு அப்போதுதான் வந்தது.

பத்துப் பேருக்குக் குறைவான பட்டறை என்பதால் எங்களுக்கு இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீடு கிடையாது. இருந்திருந்தால் வழி வேறு.

மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் கிடைத்த வக்கீலம்மா எங்களிடம் ஒரு பைசா வாங்கவில்லை. தினக்கூலி, தற்காலிக ஆள் என்று சொல்லித் தட்டிக்கழிக்க 2000-ஆம் ஆண்டிலிருந்தே சட்டத்தில் இடமில்லை என்று அவர்தான் எடுத்து வாதாடினார். விபத்து நடந்த ஒரு மாதத்துக்குள் பணம் கட்டாததால் 12 சதவீத வட்டி கேட்டதும் அவர்தான். ஒவ்வொரு வாய்தாவிலும் என்ன நடந்தது என்று எனக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். படித்தவர்கள் இப்படிப் பொறுமையாகப் பேசினாலே எங்களைப் போன்றவர்களுக்குப் பாதிப் பயம் போய்விடும்.

பாலிஷ் வேலை பார்த்த தம்பி, உன்னைப் பற்றி எழுதத்தான் எனக்குக் கை ஓடவில்லை. "இவர் என்னிடம் வேலையே பார்க்கவில்லை" என்று முதலாளி எழுதிக் கொடுத்துவிட்டார். எங்களிடம் அடையாள அட்டை இல்லை, சம்பளச் சீட்டு இல்லை. மற்றவர்கள் வர மறுத்தார்கள். அவர்கள் மேல் எங்களுக்கு வருத்தமில்லை, எல்லாருக்கும் குடும்பம் இருக்கிறது. உனக்கும்தான் இருக்கிறது. ஆனாலும் வந்தாய். சனிக்கிழமைச் சம்பள நோட்டை நீ எப்போதோ செல்போனில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினாய். மெஷின் தானாக இறங்குவதை நீயும் பார்த்திருக்கிறாய் என்று முதலாளி முன்னாலேயே சொன்னாய். அந்த வாரமே உன்னை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள். இன்று கப்பலூரில் உனக்கு வேலை கிடைத்திருக்கிறது என்றாலும், இடையில் நீ வீட்டில் இருந்த நாட்களுக்கு நாங்கள் பொறுப்பு. வேலை போனதைக் கேட்டு நான் அழுதபோது, "அவன் சொன்னது நெசந்தானே மதினி" என்று எனக்கே ஆறுதல் சொன்ன உன் அக்காவுக்கும் நன்றி.

என் தவணையைத் தங்களுக்குள் பங்கு போட்டுக் கட்டிய குழு அக்காமார், பிள்ளைகளுக்கு இரண்டு வேளை சோறு போட்ட மேல்வீட்டுப் பெரியம்மா, உங்களுக்கெல்லாம் இந்த ஒரு வரி போதாது, தெரியும்.

விண்ணப்பம், பதிவேட்டு நகல், ஆணை எல்லாம் ஒரு ஃபைலில் வைத்திருக்கிறோம். பட்டறையில் அடிபட்டவர்கள் யார் வந்து கேட்டாலும் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளத் தருவோம். எங்களுக்குப் பொருந்திய சட்டப்படி விபத்து நடந்த இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டியிருந்தது, அதனால் தள்ளிப்போடாமல் வாருங்கள். இலவச வக்கீல் வேண்டுமென்றால் 15100 என்ற எண்ணில் கேட்கலாம். அலுவலகத்துக்குத் தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் என் கணவர் கூட வருவார்.