உயரத்தோடு விநாடியையும் சொல்லுங்கள்

கரையோர ஊர்களுக்கு ஒலிபெருக்கி அறிவிப்பு எழுதித் தரும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

இந்த முறையும் அதே வரிதான்: "அலை ஒன்றரை மீட்டர் வரை எழும்பும், எச்சரிக்கையாக இருக்கவும்." எத்தனை விநாடிக்கு ஓர் அலை என்பது இந்த முறையும் இல்லை. ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் தரும் கள்ளக்கடல் (எங்கோ தொலைவில் அடித்த புயலில் பிறந்து, இங்கே காற்றே இல்லாமல் வந்து மோதும் அலைகள்) எச்சரிக்கையில் உயரத்துக்குப் பக்கத்திலேயே அந்த எண் இருக்கிறது. அங்கிருந்து குமரிக் கரைக்கு வருவதற்குள் எங்கோ உதிர்ந்துவிடுகிறது.

எந்த ஒன்றரை மீட்டர்? பக்கத்துக் காற்று கிளப்பும் 6 விநாடி அலைக்கு ஆழ்கடலில் அலைநீளம் 56 மீட்டர். தெற்கே, இந்தியப் பெருங்கடலின் கோடியில் அடித்த புயலில் பிறந்து, ஐந்து நாள் போல ஓடிவரும் 16 விநாடி அலைக்கு 400 மீட்டர். அலைநீளத்தில் பாதி ஆழம் வந்தாலே அலைக்குத் தரை தட்டுப்படும். அதற்கு 28 மீட்டரில், இதற்கு 200 மீட்டரில். கரை நெருங்க வேகம் குறையும், நீளம் சுருங்கும், உயரம் ஏறும். மாறாமல் வருவது அலைவு நேரம், அதாவது ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைப்பட்ட விநாடி, ஒன்றுதான். அதைத்தான் விட்டுவிடுகிறீர்கள்.

மணல் தூர்ந்து 3 மீட்டர் தண்ணீர் மட்டும் நிற்கும் ஒரு துறைமுக முகத்துவாரத்தை நினைத்துப் பாருங்கள். ஒன்றரை மீட்டர் உயரத்தோடு வரும் 6 விநாடி அலை அங்கேயும் ஏறக்குறைய அதே உயரத்தில், உடையாமல் உள்ளே போய்விடும். அது சுமார் 1.7 மீட்டராகி உடைய 2.2 மீட்டர் ஆழம் வரவேண்டும். அதே ஒன்றரை மீட்டரில் வரும் 16 விநாடி அலை 2.6 மீட்டர் வரை ஏறி, 3.3 மீட்டர் ஆழத்திலேயே, அதாவது சரியாக முகத்துவாரத்தின் வாயருகே, உடைகிறது. மீனோடு திரும்பும் வள்ளத்தின் பின்பக்கத்தை அது தூக்கும்போது எஞ்சின் விசிறி தண்ணீரை விட்டு வெளியே வரும். பிடிமானம் போய் வள்ளம் குறுக்கே திரும்பும், அடுத்தது கவிழ்வதுதான். சில நிமிடம் கடல் அடங்கிக் கிடந்து, பெரிய அலைகள் கூட்டமாக வருவது இந்த அலைகளின் குணம். அடங்கிய நேரம் பார்த்து நுழைந்தவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவருக்குச் சொல்லப்பட்டது நேற்றைய அதே ஒன்றரை மீட்டர்.

மணலில் நிற்பவருக்கும் இதே கதைதான். உயரம் ஒன்றாகவே இருந்தாலும் 16 விநாடி அலை கரையில் ஏறுவது ஏறக்குறைய இரண்டரை மடங்கு. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கடல் கொண்டுபோனது கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாளில்தான்.

புயலுக்குக் கூண்டு ஏற்ற 11 எண் வைத்திருக்கிறோம். காற்றே இல்லாமல் வரும் கடலுக்கு ஓர் எண் வாசிக்க ஒலிபெருக்கியில் மூச்சு போதவில்லை போலும். முகத்துவார மணலை அள்ளுவது பற்றிப் பேசினால் இந்த மடல் முடியாது. அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

கேட்பது செலவில்லாதது. "உயரம் 1.5 மீட்டர், 16 விநாடி அலை" என்று தயவுசெய்து விநாடியையும் சேர்த்து வாசியுங்கள். கரையிலிருந்தும் சரிபார்க்கலாம்: அலை உடையும் இடத்துக்கு வெளியே நங்கூரமிட்ட வள்ளம் ஒன்று அடுத்தடுத்து 11 முறை உச்சிக்கு ஏறும் நேரத்தை அளந்து 10ஆல் வகுக்க வேண்டும். மேலே நெளியும் சின்ன அலைகளைச் சேர்த்து எண்ணினால் கணக்கு தப்பும். வள்ளம் மெதுவாக ஏறி இறங்குவதை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். விடை 14ஐத் தாண்டினால், வள்ளங்கள் திரும்பும் நேரத்துக்கு முன்பே ஒருமுறை அறிவித்துவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கரையில் அலை கணக்குப் பார்ப்பவர்கள்