பாபநாசம் வரை போய்த் திரும்பிய பாரி நாயனம்: உதவியவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

மயிலாடுதுறையிலிருந்து தஞ்சாவூர் போகும் பயணிகள் ரயிலில், மேல்தட்டில் இருந்த எங்கள் பாட்டனாரின் பாரி நாயனம் (நீளமான நாதஸ்வரம்), பாபநாசத்தில் இறங்கிய கல்யாணப் புகைப்படக்காரத் தம்பிகளின் சாமான்களோடு சேர்ந்து இறங்கிவிட்டது. அவர்களுடைய விளக்குத் தாங்கிப் பை அதே தட்டில் தங்கிவிட்டது. இரண்டும் கறுப்புக் கான்வாஸ், இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம். முகூர்த்த நாளில் மேளக்காரர்களும் புகைப்படக்காரர்களும் ஒரே பெட்டியில் நெருக்கியடித்துப் போவது இந்த வழித்தடத்தில் வழக்கம்தான். இதில் யார்மேலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நாயனம் இன்று நல்லபடியாக வீட்டில் இருக்கிறது. "உதவிய அனைவருக்கும் நன்றி" என்று ஒரே வரியில் முடிக்க எங்களுக்கு மனமில்லை. இவர்கள் ஒவ்வொருவரும் என்ன செய்தார்கள், எதைச் செய்யாமல் விட்டார்கள், அது ஏன் சரி என்பதையும் ஊரறியச் சொல்ல வேண்டும்.

அந்த வாத்தியம் இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறோம். நரசிங்கம்பேட்டையில் கடைந்தது. குத்தாலத்துக்கும் ஆடுதுறைக்கும் நடுவில் உள்ள ஊர். ரயிலும் அந்த ஊரைத் தாண்டித்தான் போனது. அந்த ஊர் நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. முன்காலத்தில் குட்டையான, சுருதி கூடிய திமிரிதான் பெருவழக்கு. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) தேவைக்கேற்ப நீளமான பாரியை உருவாக்கித் தந்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. எங்களுடையது அந்த வழியில் வந்த, இரண்டரைக் கட்டை என்ற தாழ்ந்த சுருதி பேசும் பாரி. உலவு (துளைகள் உள்ள நீள்குழல்) ஆச்சா மரம், அணசு (அடியில் பொருத்தும் விரிந்த வாய்) வாகை. புது ஆச்சாவில் உலவு கடைந்தால் மரம் காயக்காய உள்துளை கோணும், சுருதி நகரும். அதனால்தான் ஆசாரிமார்கள் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்தரம், தூண் என்று பல பத்தாண்டுகள் காய்ந்த மரத்தைத் தேடி வாங்குகிறார்கள். அப்படிப்பட்ட மரம் இப்போது அருகிவருகிறது. பணம் கொடுத்தால் வேறொரு நாயனம் வாங்கிவிடலாம். பாட்டனாரின் விரல் பட்டுத் தேய்ந்த துளையோரங்களையும், அவர் மூச்சுக்குப் பழகிய அந்த உள்துளையையும் எங்கே போய் வாங்குவது?

முதல் நன்றி, கும்பகோணத்தில் பூக்கூடையோடு ஏறிய அம்மாவுக்கு. தஞ்சாவூரில் பை மாறியது தெரிந்த உடனே, "ரெண்டு தம்பிங்க, பாபநாசத்துல எறங்குனாங்க, கையில கேமரா பை வச்சிருந்தாங்க" என்று அவர் சொன்ன ஒரு வாக்கியம் தேடலைப் பாதியாகக் குறைத்தது. எத்தனை பேர், எந்த நிலையம், கையில் வேறு என்ன இருந்தது: விசாரிப்பவர்களுக்கு வேண்டியது இந்த மூன்றும்தான். தன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, காவலர் வந்து கேட்கும்வரை நடைமேடையிலேயே நின்றார்.

அடுத்து, தஞ்சாவூர் நிலையத்து ரயில்வே பாதுகாப்புப் படையினர். பயணிகள் விட்டுப்போகும் உடைமைகளை மீட்டுத் தருவதற்கென்றே இந்தப் படை 'ஆபரேஷன் அமானத்' என்ற பெயரில் ஒரு பணியை நடத்துகிறது. வண்டியில் இருக்கும்போதே தெரியவந்தால் 139க்குப் பேசலாம், ரயில்மதத் செயலியிலும் பதியலாம். முன்பதிவுப் பெட்டி என்றால் பெட்டி எண்ணும் இருக்கை எண்ணும் போதும். முன்பதிவில்லாத பெட்டியில் இவை உதவாது. அங்கே வேண்டியது பெட்டியின் வெளிப்பக்கம் எழுதியிருக்கும் எண். ஏறும்போதே அதைக் கைபேசியில் படம் பிடித்துவைப்பது நல்லது. அது இல்லாவிட்டால் எஞ்சினிலிருந்து எத்தனையாவது பெட்டி, எந்தப் பக்கத்துத் தட்டு என்று சொல்ல வேண்டும்.

அந்தக் காவலர் செய்ததில் எங்களுக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. தட்டில் கிடந்த மாற்றுப் பையை யாரையும் பிரிக்கவிடவில்லை. சாட்சிக்கு இருவரை நிறுத்தி, அவரே திறந்து, உள்ளே இருந்ததையெல்லாம் பட்டியலெழுதினார். பிறகு வேறு யாராவது வந்து "அதில் லென்ஸ் இருந்ததே" என்று கேட்டால் பதில் சொல்ல அந்தப் பட்டியல்தான் உண்டு. விளக்குத் தாங்கிகளுக்கு அடியில் ஒரு வாடகைக் கடை ரசீது இருந்தது. அந்த எண்ணுக்குப் பேசினார். கடைக்காரர் வாடிக்கையாளரின் எண்ணை எடுத்த எடுப்பில் கொடுத்துவிடவில்லை. "நானே பேசி அவர்களை உங்களுக்குக் கூப்பிடச் சொல்கிறேன்" என்றார். பேசுபவர் உண்மையில் காவலர்தானா என்று அவருக்கு எப்படித் தெரியும்? பிறர் எண்ணைக் காப்பாற்றிய அந்தப் பொறுப்புக்குத் தனியாக ஒரு நன்றி.

புகைப்படக்காரத் தம்பிகள் அதற்குள் மண்டபம் சேர்ந்திருந்தார்கள். பாபநாசத்தில் நல்ல மழை, பை நனைந்துவிட்டது. திறந்து பார்த்து நாயனம் என்று தெரிந்ததும் அவர்கள் வெளியே எடுக்கவில்லை, ஊதிப் பார்க்கவில்லை, வெயிலில் வைக்கவில்லை. அன்று அங்கே வாசிக்க வந்திருந்த வித்வானிடம் நேராகக் கொண்டுபோனார்கள். அந்த வித்வான் செய்ததை விரிவாகவே எழுதுகிறோம், நனைந்த மரவாத்தியம் எது கையில் வந்தாலும் உதவும் என்பதற்காக.

முதல் காரியமாகக் கெண்டையை (சீவாளி செருகும் உலோகக் குழலை) பிடித்துத் திருகி, ஊதும் நாணல் இதழான சீவாளியோடு தனியே எடுத்தார். சீவாளியின் கன்னத்தைப் பிடித்து இழுத்தால் இதழ் பிளந்துவிடும், பிளந்த இதழை ஒட்டவைக்க வழியில்லை. எடுத்ததை மூடி இறுக்கமில்லாத தகர டப்பாவில் வைத்தார். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் ஈர நாணல் ஒரே இரவில் பூசணம் பிடிக்கும்.

அடுத்து, அணசைத் தொடவே இல்லை. இதுதான் நாயனத்தைக் காப்பாற்றியது என்று சொல்வோம். வாகையும் ஆச்சாவும் ஒரே அளவில் ஈரம் குடிப்பதில்லை. நனைந்ததும் பொருத்து இறுகிப்போகும். அந்த நேரத்தில் "கழற்றித் துடைக்கலாம்" என்று முறுக்கினால் உலவின் அடிமுனை ரேகை வாக்கில் பிளக்கும். மரம் காய்ந்து தானாகத் தளரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

உள்துளையைத் துடைக்க, பழைய வேட்டியில் கிழித்த மெல்லிய துண்டை ஒரு குச்சியில் சுற்றி, அகன்ற அடிப்பக்கமாக நுழைத்து, பாதி வரை ஏற்றி, வந்த வழியே இறக்கினார். உள்துளை மேலே போகப்போகக் குறுகும். மேல்வாய் வழியே துணியை உருவ நினைத்தால் நடுவில் சிக்கிக்கொள்ளும், எடுக்கக் கம்பி விட வேண்டிவரும், கம்பி உள்சுவரைக் கீறும். பிறகு இரண்டு வேட்டிகளைச் சுருட்டி, அவற்றின்மேல் நாயனத்தைப் படுக்கையாக வைத்தார். அடுப்படி வெப்பமும் மின்விசிறிக் காற்றும் நேரே படாத உள்ளறை. ஒரு பக்கம் சீக்கிரம் காய்ந்தால் அந்தப் பக்கம் சுருங்கி வெடிக்கும் என்பதால், முகூர்த்தத்துக்கு வாசிக்கப் போகும் முன்னும் வந்த பின்னும் புரட்டி வைத்தார். எண்ணெய் தடவலாமா என்று யாரோ கேட்டதற்கு வேண்டாம் என்று தடுத்திருக்கிறார். ஈரத்தின்மேல் எண்ணெய் போட்டால் ஈரம் உள்ளேயே அடைபடும். அதோடு கீழ்ப்பக்கத்து ஐந்து துளைகளில் சுருதிக்காக வைத்திருக்கும் மெழுகும் விட்டுப்போகும். தன் கச்சேரிக்கு நடுவில், முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் வாத்தியத்துக்கு இவ்வளவும் செய்த அந்த அண்ணனுக்கு எந்த வார்த்தையில் நன்றி சொல்வது!

பாபநாசத்தில் நாயனத்தை ஒப்படைக்கும்போது, அது எங்களுடையதுதான் என்று காட்டச் சொன்னார்கள், கேட்டதும் நியாயம்தான். அடையாள அட்டை ஆளைக் காட்டும், பொருளைக் காட்டாது. மேல்முனையின் வெள்ளிப் பூணில் பொறித்த முதலெழுத்தும், விரல் துளை ஒன்றின் ஓரத்தில் உள்ள தேய்மானமும், அவற்றின் பழைய புகைப்படங்களும் கைகொடுத்தன. முழு நாயனத்தின் படம் ஆயிரம் நாயனத்துக்குப் பொருந்தும். அடையாளக் குறியை அருகில் வைத்து எடுத்த படம்தான் சான்று. கையெழுத்து வாங்கிக்கொண்டு, பட்டியலின் நகலையும் தந்தார்கள்.

நரசிங்கம்பேட்டை ஆசாரியார் வாத்தியத்தைக் கையில் வாங்கியதும் வேலையைத் தொடங்கவில்லை. நிழலில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். ஈரமான மரத்தில் விரிசல் மூடிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாது. காய்ந்த பிறகுதான் வாய் திறக்கும். நன்றாகக் காய்ந்ததும் இருட்டறையில் உலவுக்குள் சின்ன டார்ச்சை விட்டுப் பார்த்தார். வெளிச்சம் கசிந்தால் வெடிப்பு. கசியவில்லை. பின்பு அணசைக் கழற்றி, அடிவாயை ஒருவர் உள்ளங்கையால் அடைக்க, துளைகளை எல்லாம் மூடிக்கொண்டு, மேல்வாயில் உறிஞ்சிப் பார்த்தார். காற்று நின்று பிடித்தது. முடி அளவு கசிந்தாலும் மேல் சுரங்கள் பேசிவிடும், கீழ்ச் சுரங்களான மந்திர ஸ்தாயிதான் தடுமாறும். வாசித்து மட்டும் பார்த்தால் சீவாளியைக் குறை சொல்லிக்கொண்டு காலம் போகும். பழுது இருந்தது அணசின் விளிம்பில், சிறு பிளவு. பசை செலுத்தி நூல் சுற்றி இறுக்கிக் காயவைத்தார். தளர்ந்திருந்த மெழுகை எடுத்துப் புது மெழுகு வைத்து, சுருதிப் பெட்டியோடு ஒவ்வொரு சுரமாகச் சேர்த்தார். உலவின் உள்ளே இழைப்பு வேலை எதுவும் செய்யவில்லை. "பெரியவர் வாசிச்ச துளை, அதுல நான் கை வைக்கமாட்டேன்" என்றார்.

திருவாவடுதுறையில் சீவாளி கட்டுபவருக்கும் எங்கள் நன்றி. நனைந்த சீவாளிகளைப் பார்த்து, தேறுவதையும் தேறாததையும் பிரித்துக் கொடுத்து, புதியவற்றையும் கட்டித் தந்தார்.

இனி மேளக்காரக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். நாயனம், தவில், வீணை எதுவானாலும் பைக்கு வெளியே சிவப்பு அல்லது மஞ்சள் துணி ஒன்றைத் தைத்துவிடுங்கள். கட்டினால் அவிழும். உள்ளே, வாத்தியத்துக்குமேல் கண்ணில் படும்படி, எழுத்து கரையாமல் இருக்கப் பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு சீட்டு. காவலரும் தம்பிகளும் அதில் என்ன இருந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று சொன்னதை வைத்து நாங்கள் எழுதியது இது. அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"இது குடும்பத்து மரவாத்தியம். ஊத வேண்டாம், கழற்ற வேண்டாம், எண்ணெய் தடவ வேண்டாம். வெயிலிலோ பூட்டிய காரிலோ வைக்க வேண்டாம். நனைந்திருந்தால் பையிலிருந்து எடுத்து, துணிமேல் நிழலில் படுக்கவையுங்கள். ரயிலில் கிடைத்தால் ரயில்வே பாதுகாப்புப் படையிடமோ நிலைய அதிகாரியிடமோ கொடுங்கள், அல்லது இந்த இரண்டு எண்களில் ஒன்றுக்குப் பேசுங்கள்."

இரண்டு எண் ஏனென்றால், ஒன்று பயணத்தில் இருப்பவருடையது, மற்றது வீட்டில் இருப்பவருடையது. கச்சேரி நேரத்தில் முதல் எண்ணை யாரும் எடுக்க மாட்டார்கள்.

என்றும் நன்றியுடன்,
நாதஸ்வரக் குடும்பத்தார்,
மயிலாடுதுறை