சவுத்கேட் கணக்கு: மாமாவுக்கு ஒரு கடிதம்

பர்மிங்காம்
21.07.2024

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தைக்கும் தோட்டத்து லயத்தில் எல்லாருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். இங்கே கோடை, இரவு ஒன்பதரை வரைக்கும் வெளிச்சம். ஒரு மாதமாக ஜன்னலிலும் காரிலும் தொங்கிய சிவப்புச் சிலுவைக் கொடிகளை இப்போது ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார்கள். ஐரோப்பியக் கிண்ணக் கால்பந்தின் பெர்லின் இறுதிப் போட்டி இங்கே போன ஞாயிறு இரவு எட்டு மணிக்கு. இலங்கையில் உங்களுக்கு நடுச்சாமம் பன்னிரண்டரை. விடியப் பெரட்டுக்கு, வேலைக்குப் பேர்கொடுக்க, போகவேண்டியவர்களில் எத்தனை பேர் முழித்திருந்தார்களோ! ஸ்பெயின் 2-1 என்று இங்கிலாந்தை வென்றது. செவ்வாய்க்கிழமை இங்கிலாந்துப் பயிற்றுநர் சவுத்கேட் விலகிவிட்டார்.

"அந்த ஆள் கெட்டிக்காரனா, அதிர்ஷ்டக்காரனா?" என்று கேட்டிருந்தீர்கள். இங்கே பஸ்ஸிலும் பப்பிலும் அதே பேச்சுத்தான்.

அவர் காலத்தில் மொத்தம் 102 ஆட்டம், 61 வெற்றி. அதில் பாதி பெரிய சோதனை இல்லாத ஆட்டங்கள், அதைத் தள்ளிவிடுங்கள். உலகக் கிண்ணம் இரண்டு, ஐரோப்பியக் கிண்ணம் இரண்டு, அவற்றில் 26 ஆட்டம்: 14 வெற்றி, 7 சமநிலை, 5 தோல்வி. சமநிலையில் மூன்று பெனல்டிக்குப் போய், இரண்டில் வென்றார்கள். 2018இல் அரையிறுதி, 2021இல் இறுதி, 2022இல் காலிறுதி, இப்போது மறுபடி இறுதி. 1966க்குப் பிறகு 2021 வரை ஆண்கள் அணி ஒரு பெரிய இறுதிப் போட்டியைக்கூடப் பார்க்காத நாடு இது.

2016இல் ஐஸ்லாந்திடம் தோற்று, அடுத்து வந்த பயிற்றுநரும் ஒரே ஆட்டத்தோடு போன பிறகுதான் அணி இவர் கைக்கு வந்தது. முதலில் செய்தது கவ்வாத்து, தேயிலைச் செடியை வெட்டிவிடுவதுபோல. அணித்தலைவர் ரூனியை வெளியே உட்காரவைத்தார், 2018க்குக் கோல் காப்பாளர் ஜோ ஹார்ட்டை அழைக்கவில்லை, அவர் இடத்தில் பிக்ஃபர்டை நிறுத்தினார். வெட்டின செடி துளிர்க்கும்வரை திட்டு வாங்கத்தான் வேண்டும், அது உங்களுக்குத் தெரியாததா?

2018இல் அடித்த 12 கோலில் 9, நின்ற பந்தில் வந்தவை: கோர்னர், ஃப்ரீ கிக், பெனல்டி. கோர்னர் நேரம் நாலைந்து பேர் பெனல்டிப் புள்ளிப் பக்கம் ஒருவர் பின்னால் ஒருவராக வரிசையில் நிற்பார்கள். உதைப்பவன் ஓடத் தொடங்கியதும் ஆளுக்கொரு பக்கம் சிதறுவார்கள். யார் எங்கே போவான் என்று காவல் நிற்பவனுக்குப் பிடிபடாது. நெருங்கி நிற்பதால் சட்டையைப் பிடித்து இழுக்கவும் முடியாது. பனாமாவுக்கு எதிராக ஸ்டோன்ஸ் தலையால் இரண்டு போட்டது நினைவிருக்கும்.

பெனல்டி அவருடைய சொந்தக் காயம். 1996 அரையிறுதியில் ஜெர்மனிக்கு எதிராகத் தவறவிட்டவர் அவரேதான். ஆகவே அதை அதிர்ஷ்டம் என்று விடாமல் ஒரு வேலையாகவே பழக்கினார். இம்முறை சுவிஸோடு ஐந்தும் கோல். சுவிஸின் அகாஞ்சி எந்தப் பக்கம் உதைப்பார் என்பது பிக்ஃபர்டின் தண்ணீர்ப் போத்தலிலேயே எழுதியிருந்தது. அந்தப் பக்கமே பாய்ந்து தடுத்தார். ஆனால் 2021இல் இத்தாலியோடு கடைசி நிமிடத்தில் ரேஷ்ஃபர்டையும் சாஞ்சோவையும் இறக்கி, கால் சூடேறுமுன் உதைக்கவிட்டார். ஐந்தாவது உதையை 19 வயதுச் சாக்காவிடம் கொடுத்தார். மூவரும் தவறவிட்டார்கள். அன்றிரவே கறுப்புத் தோலைச் சொல்லி இணையத்தில் வசை. மன்செஸ்டரில் ரேஷ்ஃபர்டின் சுவரோவியத்தைக் கெடுத்தார்கள். மறுநாள் அந்த இடத்தையே ஊர்ச்சனம் அன்புக் கடதாசிகளால் மூடியது. இரண்டும் இந்த நாடுதான், மாமா.

அவருடைய பெரிய பிழை பெனல்டி இல்லை. 2018 அரையிறுதியில் குரோஷியாவோடு 5ஆவது நிமிடத்தில் கோல், 2021 இறுதியில் இத்தாலியோடு 2ஆவது நிமிடத்தில் கோல். அதோடு அணி பின்னால் சரிந்தது. ஓரத்து ஆட்டக்காரர்கள் இருவரும் கீழே இறங்க, மூன்று பேர் பின்வரிசை ஐந்து பேராகிவிடும். பந்தை வாங்க முன்வரிசை வீரர் கேனும் இறங்கி வருவார், முன்னால் ஆளில்லை. உதைத்து வெளியேற்றின பந்து அப்படியே திரும்பி வரும். இரண்டு ஆட்டத்திலும் முதல் மாற்றுவீரர் இறங்கியது எதிரணி சமப்படுத்திய பிறகுதான். நம் ஊர் கண்டக்டர்கூட பஸ் சாயுமுன் கத்துவான்.

2022இல் பிரான்ஸோடு நன்றாகவே ஆடினார்கள்; கேனின் இரண்டாவது பெனல்டி கம்பத்துக்கு மேலே போனது. அதை சவுத்கேட் தலையில் கட்டுவது நியாயமில்லை.

இம்முறை இடப்பக்கக் காவலர் லூக் ஷோ காயத்தில் இருக்க, வலதுகாலன் ட்ரிப்பியரை இடப்பக்கம் போட்டதால் பந்து ஓரம் போகாமல் உள்ளேயே திரும்பி, ஆட்டம் மந்தமானது. ஆனாலும் நெதர்லாந்தோடு 81ஆவது நிமிடத்தில் வொட்கின்ஸையும் பாமரையும் இறக்க, பாமர் கொடுக்க வொட்கின்ஸ் அடித்தார். கற்றுக்கொண்டார், ஆனால் தாமதமாக. என் கணக்கில் அணியைக் கட்டுவதில் முதல்தரம், ஆட்டம் நடக்கும்போது அதை வாசிப்பதில் நடுத்தரம்.

மழை விட்டதும் அந்தக் கோர்னர் வரிசையைத் தோட்டத்துப் பையன்களுக்குப் பழக்கிப் பாருங்கள். முதலில் ஓடுபவன் பந்து வரும் பக்கத்துக் கிட்டக் கம்பத்துக்குப் போகட்டும், உயரமானவன் கடைசியில் நிற்கட்டும். ஈரத் தரையில் சறுக்கும். நாலு பேர் போதும்.

அன்புடன்,
உங்கள் மருமகன்