ஸ்கேன் எடுத்தால் மெல்லிய ஸ்லைஸ் படங்களையும் கேட்டு வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மன்னார்குடியில் ஒரு ஸ்கேன் சென்டரில் சி.டி. ஸ்கேன் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். திருவாரூர், கும்பகோணம், தஞ்சாவூர் என்று எந்த ஊரில் இறங்கினாலும் ‘16 ஸ்லைஸ்’, ‘32 ஸ்லைஸ்’, ‘128 ஸ்லைஸ்’ என்று ஃபிளக்ஸ் போர்டுகள் கண்ணில் படுகின்றன. கவுண்டருக்கு வருகிறவர்களும் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்கிறார்கள்: “உங்க மெஷின் எத்தனை ஸ்லைஸ் சார்?” எண் பெரிதானால் படம் தெளிவாக இருக்கும் என்று நம்புகிறார்கள். நகையை அடகு வைத்து ஸ்கேன் எடுக்க வருகிற ஊர் இது. கொடுத்த பணத்துக்கு உரிய படம் அவர்கள் கைக்குப் போகாமலே இருந்துவிடுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

எக்ஸ்ரே குழாய் நோயாளியை ஒரு சுற்று சுற்றி வரும்போது ஒரே வீச்சில் உடம்பின் எத்தனை மெல்லிய குறுக்குத் துண்டுகளை, அதாவது ஸ்லைஸ்களை, எடுக்கும் என்பதுதான் அந்த ஸ்லைஸ் எண். எண் கூடினால் வேகம் கூடும். துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தையும், மூச்சுப் பிடிக்க முடியாத முதியவரையும், அழுகிற குழந்தையையும் எடுக்க அந்த வேகம் வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு துண்டின் கனம் 16 ஸ்லைஸ் மெஷினிலேயே அரை மில்லிமீட்டருக்கும் முக்கால் மில்லிமீட்டருக்கும் நடுவில்தான் இருக்கிறது. 128 ஸ்லைஸிலும் கிட்டத்தட்ட அதே கனம்தான். சிறுநீரகக் கல்லுக்கோ சைனஸுக்கோ நன்றாகப் பராமரிக்கிற 16 ஸ்லைஸ் மெஷின் தாராளமாகப் போதும்.

அப்புறம் தெளிவு எங்கே போகிறது? எடுத்ததை எந்தக் கனத்தில் படமாக்கிக் கொடுக்கிறோம் என்பதில்தான். வழக்கமாக 5 மில்லிமீட்டர் கனத்தில் படமாக்கி, அதை ஃபிலிமில் அச்சிட்டுக் கொடுக்கிறோம். அந்த 5 மில்லிமீட்டருக்குள் எலும்பு, காற்று, சதை எது இருந்தாலும் மெஷின் எல்லாவற்றையும் சராசரியாக்கி ஒரே சாம்பல் நிறமாகக் காட்டிவிடும்.

கோட்டூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா பள்ளிக்கூடம் போகும் மகனை அழைத்து வந்தார். பையனுக்கு ஒரு காது கேட்கவில்லை. வேறொரு இடத்தில் தலை ஸ்கேன் எடுத்துக்கொண்டு தஞ்சாவூரில் காது டாக்டரிடம் போயிருக்கிறார்கள். அவர் ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் வைத்துப் பார்த்துவிட்டு, இதில் காது எலும்பு எதுவும் தெரியவில்லை, மெல்லிய ஸ்லைஸில் வாங்கி வாருங்கள் என்று சொல்லிவிட்டார். நடுக்காதில் இருக்கும் அங்கவடி எலும்பின் மொத்த உயரமே சுமார் 3 மில்லிமீட்டர்தான். 5 மில்லிமீட்டர் படத்தில் அதைத் தேடி என்ன பயன்? முதலில் எடுத்த இடத்தில் போய்க் கேட்டால், தரவு அழிந்துவிட்டது, திரும்ப எடுக்க வேண்டும், திரும்பப் பணம் கட்ட வேண்டும் என்றிருக்கிறார்கள். “கொள்முதல் நிலையத்துல நெல்லப் போட்ட காசே இன்னும் ஏறல தம்பி” என்று அந்த அம்மா என்னிடம் சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புரியும். மெஷின் எடுத்த மூலத் தரவு கையில் இருந்திருந்தால், அந்தப் பையனைத் திரும்பப் படுக்க வைத்திருக்கவே வேண்டியதில்லை. கம்ப்யூட்டரிலேயே காதுப் பகுதியை மட்டும் தனியாக எடுத்து, எலும்பைக் கூர்மையாகக் காட்டும் கணக்கு முறையை (கெர்னல்) போட்டு, அரை மில்லிமீட்டர் கனத்தில் புதுப் படங்கள் செய்திருக்கலாம். சி.டி. படம் ஒவ்வொன்றும் 512க்கு 512 கட்டம் (பிக்ஸல்). 25 சென்டிமீட்டர் அகலத் தலையை அதில் அடக்கினால் ஒரு கட்டம் அரை மில்லிமீட்டர்; காதை மட்டும் 10 சென்டிமீட்டருக்குள் எடுத்தால் 0.2 மில்லிமீட்டர். ஆனால் மூலத் தரவு ரொம்ப இடம் பிடிக்கும். டிஸ்க் நிறைந்தால் பழையது தானே அழிந்துவிடும். அது அழிந்த பிறகு ஃபிலிமை எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் இல்லாத விவரம் வராது. ஆக, பையனுக்கு இரண்டாவது முறையும் கதிர்வீச்சு. கதிர்வீச்சை அளக்கும் மில்லிசீவர்ட் கணக்கில் ஒரு தலை ஸ்கேனுக்கு ஏறக்குறைய 2. உலக சராசரிப்படி ஒரு மனிதருக்கு இயற்கையாக ஒரு வருஷம் முழுக்கக் கிடைப்பதே 2.4 தான். ஆபத்து என்று பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. தேவையில்லாமல் ஒரு குழந்தைக்கு ஏன் தர வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

ஃபிலிமைப் பற்றியும் சொல்ல வேண்டும். 14க்கு 17 அங்குல ஃபிலிமில் 30 படங்கள் அடுக்கினால் ஒவ்வொன்றும் 7 சென்டிமீட்டர் அகலம். 35 சென்டிமீட்டர் வயிறு அதில் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. 3 மில்லிமீட்டர் கல் அங்கே 0.6 மில்லிமீட்டர். அதையும் ஜன்னலுக்கு நேரே பிடித்து, செல்போனில் படம் எடுத்து, “திருச்சி டாக்டருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டோம்” என்கிறார்கள். வாட்ஸ்அப் அதை மேலும் சுருக்கும், ஃபிலிமில் ஜன்னல் கம்பியின் நிழல் வேறு விழுந்திருக்கும். எக்ஸ்ரேயை எவ்வளவு தடுக்கிறது என்பதை வைத்து, காற்றுக்கு −1000, தண்ணீருக்கு 0, கெட்டி எலும்புக்கு 1000க்கும் மேல் என்று மெஷின் அளந்து வைத்திருக்கிற அத்தனையும் ஃபிலிமுக்கு வரும்போதே ஒரு குறுகிய வரம்புக்குள் அடைபட்டுவிடுகிறது. டைகாம் என்கிற, ஸ்கேன் படங்களுக்கான கம்ப்யூட்டர் ஃபைல் வடிவில் தரவு இருந்தால் டாக்டர் தன் கம்ப்யூட்டரில் நுரையீரலுக்கு ஒரு மாதிரி, எலும்புக்கு ஒரு மாதிரி மாற்றிப் பார்ப்பார். செல்போன் படத்தில் அதற்கு வழியே இல்லை.

கனமான படமே தப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மெல்லிய படம் புள்ளி புள்ளியாக இருக்கும், ஏனென்றால் ஒவ்வொன்றிலும் விழும் எக்ஸ்ரே குறைவு. அந்தப் புள்ளியைப் பாதியாக்க நான்கு மடங்கு கதிர்வீச்சு கொடுக்க வேண்டும். கல்லீரலில் மங்கலாகத் தெரிகிற கட்டியைப் பார்க்க 5 மில்லிமீட்டர் மென்மையான படம்தான் நல்லது. நுரையீரல் தழும்புக்கும் காதுக்கும் மெல்லியதும் கூர்மையானதும் வேண்டும். 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில், சி.டி. ஸ்கேனை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியின் மூளையை எடுத்தபோது அந்தப் படத்தில் 80க்கு 80, அதாவது 6,400 கட்டம்தான். இன்றைக்கு 2,62,144. ஆனாலும் அந்த 6,400ஐ வைத்தே மூளைக் கட்டியைக் கண்டார்கள். என்ன தேடுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் எப்படிப்பட்ட படம் வேண்டும் என்று முடிவாகும். அதனால்தான் இரண்டு விதமும் நோயாளியிடம் இருக்க வேண்டும் என்கிறேன்.

படம் கெடுவதற்கு மெஷின் மட்டும் காரணமில்லை. நெஞ்சு ஸ்கேனில் தங்கத் தாலி மேலே கிடந்தால் அதிலிருந்து கோடு கோடாகக் கிளம்பி நுரையீரலை மறைக்கும். கழற்றச் சொன்னால் பல பெண்களுக்கு மனசு ஒப்பாது, கட்டாயப்படுத்தவும் கூடாது. மஞ்சள் கயிறோடு மேலே ஏற்றி, தாடைக்கு அருகில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். சைனஸுக்கு மூக்குத்தி, காதுக்குத் தோடு இரண்டையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தால் நல்லது. வருஷக்கணக்காகத் திருகு இறுகிப்போன மூக்குத்தியை எங்களால் கழற்ற முடிவதில்லை. மெஷின் ஆங்கிலத்தில் மூச்சுப் பிடிக்கச் சொன்னால் வயலிலிருந்து வருகிற பாட்டிக்கு என்ன தெரியும்? “மூச்ச நல்லா இழுங்க, அப்படியே நிறுத்துங்க” என்று முன்கூட்டியே சொல்லிப் பழக்கிவிட்டுத்தான் பொத்தானை அழுத்த வேண்டும். அதற்கு ஆகும் நேரத்தை நிர்வாகங்கள் எங்களுக்குத் தர வேண்டும்.

மக்களிடம் நான் கேட்பது இதுதான். ஸ்கேன் முடிந்த அன்றைக்கே, மூலத் தரவு அழிவதற்கு முன், “மெல்லிய ஸ்லைஸ் டைகாம் படங்களைக் குறுந்தகடிலோ பென் டிரைவிலோ போட்டுக் கொடுங்கள்” என்று கேளுங்கள். நெஞ்சு ஸ்கேன் என்றால் அதில் சில நூறு படங்களாவது இருக்க வேண்டும். முப்பது, நாற்பதுதான் இருக்கிறது என்றால் ஃபிலிமில் உள்ளதையே திரும்பப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எதற்காக ஸ்கேன் என்று டாக்டர் சீட்டில் ‘தலை’ என்று மட்டும் எழுதியிருந்தால், ‘காது கேட்கவில்லை’ என்பதை நீங்களே டெக்னீஷியனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். எங்களுக்கு அந்த ஒரு வரி போதும்.

சென்டர் நடத்துகிறவர்கள் ரிப்போர்ட்டில் ஸ்லைஸ் கனத்தையும் கதிர்வீச்சு அளவையும் அச்சிட வேண்டும். இரண்டுமே மெஷினில் தானாகப் பதிவாகிறவை. தனிச் செலவு கிடையாது. அரசு மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் ஸ்கேன் மையங்களில் முதலில் இதைக் கட்டாயமாக்கினால், தனியார் மையங்களும் பின்னாலேயே வரும். சுகாதாரத் துறையின் கவனத்துக்கு இதைத் தங்கள் நாளிதழ் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சி.டி. ஸ்கேன் டெக்னீஷியன்,
மன்னார்குடி.