புயல் கணக்கில் செட்டிநாட்டுக்கும் ஓர் இடம் கொடுங்கள்

புயல் சேதத்தைக் கணக்கெடுக்கும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். பருவமழை முன்னேற்பாட்டுக் கூட்டத்தில் நீங்கள் காட்டிய ஒப்பீட்டு அட்டவணையைப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். 1964 தனுஷ்கோடி, 1977 நாகப்பட்டினம், 2011 தானே, 2016 வர்தா, 2018 கஜா என்று வரிசையாக இருந்தது. ஒவ்வொன்றும் கரை கடந்த இடம், காற்றின் வேகம், அதோடு சரி. காரைக்குடி, தேவகோட்டை, பொன்னமராவதிப் பக்கம் எங்கே என்று கேட்டதற்கு, "நீங்கள் கடலோரம் இல்லையே" என்றீர்கள்.

கஜா 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய கையோடு ஓய்ந்துவிடவில்லை. புதுக்கோட்டை, சிவகங்கை வழியாகத்தான் மேற்கே போனது. இது உங்களுக்குத் தெரியாததல்ல.

எங்கள் தெருவில் ஓர் ஆச்சி இருக்கிறார். அன்று அவர் வீட்டு வளவை, அதாவது உள்முற்றத்தைச் சுற்றியிருந்த நாட்டு ஓடுகள் சரிந்து விழுந்தன. சுண்ணாம்புச் சுவர் மழையைக் குடித்து உப்பி, பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அந்த ஓடு இப்போது கடையில் கிடைக்காது. எங்காவது பழைய வீட்டை இடித்தால் வாங்கி வந்து மாற்ற வேண்டும், அதற்கேற்ற கொத்தனாரும் வேண்டும். பட்டாவோ பங்காளிகள் அத்தனை பேர் பெயரிலும் இருக்கிறது, பாதிப் பேர் வெளிநாட்டில். கணக்கெடுக்க வந்தவர் முகப்பைப் பார்த்தார், தேக்குத் தூணைத் தட்டிப் பார்த்தார். "பெரிய வீடு, இதுக்கெல்லாம் நிவாரணம் வராது ஆச்சி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆச்சி அந்த மழைக்காலம் முழுக்க ஒழுகாத ஒரே அறையில் சமைத்து, அங்கேயே படுத்தார். உங்கள் கணக்கில் அந்த வீட்டுக்குச் சேதமே இல்லை.

பகுதிவாரியாகக் கணக்கிடுவது முடியாத காரியமா? அமெரிக்க அரசு பனிப்புயல்களை அப்படித்தான் ஒப்பிடுகிறது. நாட்டின் கிழக்குப் பக்க மூன்றில் இரண்டு பங்கை 6 பகுதிகளாகப் பிரித்து, எவ்வளவு பரப்பில் பனி விழுந்தது, அங்கே எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்று பார்த்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனி மதிப்பெண் போடுகிறார்கள். கணக்கு வடகிழக்கில் 4 அங்குலத்தில் தொடங்கினால், தென்கிழக்கில் 2 அங்குலத்திலேயே தொடங்கிவிடுகிறது. காரணம் இருக்கிறது. 2014 ஜனவரியில் தென்கிழக்கே உள்ள அட்லாண்டாவில் விழுந்தது சுமார் 2 அங்குலப் பனிதான். ஊரே முடங்கி, பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே இரவைக் கழித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் வடகிழக்கே உள்ள பஃபலோவைச் சுற்றிச் சில இடங்களில் 5 அடிக்கு மேல் கொட்டியது. 2 அங்குலம் அவர்களுக்குச் சாதாரணம். எவ்வளவு விழுந்தது என்பதோடு எங்கே விழுந்தது என்பதையும் சேர்த்துத்தான் எழுதுகிறார்கள்.

நாங்கள் கேட்பதும் அதுதான். செட்டிநாட்டுக்குத் தனிக் கணக்கு வேண்டும்.

சுற்றுலா விளம்பரம் என்றால் எங்கள் வீடுகள் பாரம்பரியச் சின்னம், நிவாரணம் என்றால் வெறும் பெரிய வீடு. ஊருணிக்கு நீர் வரும் கால்வாய் அடைந்து கிடப்பதைச் சொன்னால், அது வேறு துறை என்கிறார்கள். சரி, அதற்கு நீங்கள் பொறுப்பில்லை, உங்களிடம் கோபப்பட்டுப் பயனில்லை.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். அட்டவணையில் உள்மாவட்டங்களுக்கு ஒரு பத்தி சேருங்கள். படிவத்தில் நாட்டு ஓட்டு வீட்டையும் கூட்டுப் பட்டாவையும் சேருங்கள். வீட்டின் அளவை விட்டுவிட்டு உள்ளே குடியிருப்பவரின் நிலையைப் பாருங்கள். அடுத்த ஐப்பசிக்குள் இதைச் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காரைக்குடி வட்டத்திலிருந்து ஒரு குடியிருப்பாளர்