முழுமையாக முடித்த போர்: ஓய்வுபெற்ற படைவீரரான என் மாமாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

வணக்கம். உசிலம்பட்டியில் நடந்த காதுகுத்து விழாவில், பந்தி முடிந்து எல்லோரும் பந்தலில் உட்கார்ந்திருந்தபோது காஷ்மீரின் பகல்காமில் நடந்த பயங்கரவாதத் தாக்குதல் பற்றிய பேச்சு வந்தது. அதையடுத்துப் பாகிஸ்தானோடு மூண்ட சண்டையை 2025 மே 10ஆம் தேதி நிறுத்தியதுதான் தவறு என்றும், ஒரே ஒரு முறை போரை முழுமையாக நடத்தி முடித்துவிட்டால் பயங்கரவாதம் என்ற பேச்சுக்கே இடமிருக்காது என்றும் நீங்கள் சொன்னீர்கள். பந்தலில் இருந்த அத்தனை பேரும் ஆமோதித்தார்கள். மதுரையில் டீக்கடை தொடங்கிக் கல்லூரி ஆசிரியர் அறை வரை இதே கருத்தைக் கேட்டுவருவதால், உங்களுக்கான பதிலைப் பொதுவில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். போர் நடத்தும் முறை பற்றிச் சீருடை அணிந்த உங்களிடம் நான் வாதாட முடியாது. போர் முடிந்த பின் என்ன நடக்கிறது என்பது மட்டும் வரலாறு கற்பிக்கிறவன் என்ற முறையில் எனக்கு ஓரளவு பழக்கமான விஷயம்.

பகல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்றவர்களுக்குப் பரிந்து பேச எனக்கு ஒன்றுமில்லை. அத்தகையவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும், எதிர்த்தால் சுடவும் வேண்டும். ஆனால் ஒருவனைச் சுட்டு வீழ்த்துவதால் அவனுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறவனின் எண்ணம் மாறிவிடும் என்று நாம் எதை வைத்து நம்புகிறோம் என்பதே என் கேள்வி.

ஆப்கானிஸ்தானை நீங்கள் அறிவீர்கள். அமெரிக்கப் படையெடுப்பால் 2001இன் இறுதிக்குள் விழுந்த தாலிபான் ஆட்சி, இருபது ஆண்டுகள் கழித்து, 2021 ஆகஸ்ட் 15 அன்று ஏறக்குறைய சண்டையே இல்லாமல் காபூலுக்குத் திரும்பியது. ஈராக்கில் நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. 2003 மே மாதத்தில் அமெரிக்கர்கள் அந்நாட்டு ராணுவத்தையே ஓர் ஆணையால் கலைத்தார்கள். ஆயுதப் பயிற்சி பெற்ற லட்சக்கணக்கான ஆண்கள் சம்பளத்தோடு மரியாதையையும் இழந்து வீட்டுக்குப் போனார்கள். ஒரு படைவீரனுக்கு அது எத்தகைய அடி என்பதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அல்கய்தாவின் ஈராக் கிளைத் தலைவன் சர்காவி 2006இல் குண்டுவீச்சில் கொல்லப்பட்டபோது வெற்றி என்றார்கள். அந்தக் கிளையின் வழிவந்த ஐஎஸ் அமைப்பு 2014 ஜூனில் மொசூல் நகரத்தையே பிடித்தது. அதன் தலைவன் பக்தாதி, 2004இல் அமெரிக்கர்களின் பூக்கா முகாமில் கைதியாக இருந்தவன். தளபதிகள் பலர், கலைக்கப்பட்ட அதே ராணுவத்தின் அதிகாரிகள்.

உங்கள் வாதத்துக்கு வலுவான சான்று இவற்றில் இல்லை, முள்ளிவாய்க்காலில் இருக்கிறது. 2009 மே மாதம் இலங்கை அரசு, நீங்கள் சொன்ன பொருளில், போரை முழுமையாகத்தான் முடித்தது. புலிகள் இயக்கம் படையாக இன்று அந்த மண்ணில் இல்லை. அதை மறுப்பது நேர்மையாகாது. ஆயினும், 1976இல் வட்டுக்கோட்டையில் தனி நாடு கோரித் தீர்மானம் நிறைவேற்றியவர்கள் தேர்தலில் நின்று நாடாளுமன்றம் சென்ற பெரியவர்கள். அவர்களை அந்த இடத்துக்குத் தள்ளியவை சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய சட்டமும், பல்கலைக்கழக அனுமதியில் தமிழ் மாணவர்களிடம் கூடுதல் மதிப்பெண் கேட்ட தரப்படுத்தலும், நிலக் குடியேற்றங்களும். இவற்றில் எதற்கும் முள்ளிவாய்க்கால் பதில் சொல்லவில்லை. 1987இல் இலங்கை அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தின் வழியாக வாக்களிக்கப்பட்ட காவல்துறை, நில அதிகாரங்கள் மாகாணங்களின் கைக்கு வரவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார்கள் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவில் உட்கார்ந்தார்கள். வேறெங்கும் போக வேண்டாம், திருமங்கலம் பக்கத்து உச்சப்பட்டியில் உள்ள இலங்கைத் தமிழர் அகதி முகாமுக்கு ஒருமுறை போய்வாருங்கள். போர் முடிந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் குடும்பங்கள் ஊர் திரும்பாமல் ஏன் இருக்கின்றன என்று கேளுங்கள்.

அதே தீவில் இன்னொரு செய்தியும் உண்டு. நம் பக்கத்தில் அதிகம் பேசப்படுவதில்லை. சிங்கள இளைஞர்களின் இடதுசாரிக் கட்சியான ஜேவிபி 1971இலும் 1987 முதல் 1989 வரையிலும் ஆயுதம் ஏந்தியது. இரண்டு முறையும் அரசு இரக்கமின்றி நசுக்கியது. தலைவர் ரோகண விஜேவீர 1989 நவம்பரில் கொல்லப்பட்டார். 2024 செப்டம்பரில் அந்தக் கட்சியின் தலைவர் அநுர குமார திசாநாயக்க வாக்குகளால் குடியரசுத் தலைவர் ஆனார். அக்கட்சி தன் பழைய கொள்கைகள் பலவற்றை வழியில் இறக்கி வைத்ததும் உண்மை. இறக்கி வைக்கச் செய்தது தேர்தல் அரசியல். 1989இன் பிணங்களைக் கண்ட எவரும் அதனால் மனம் மாறி அரசை நேசிக்கத் தொடங்கியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

நம் நாட்டிலேயே மிசோரம் இருக்கிறது. 1959இல் மூங்கில் பூத்து, எலிகள் பெருகி, விளைச்சல் அழிந்து பஞ்சம் வந்தபோது, நிவாரணத்துக்காகத் தொடங்கிய ஓர் அமைப்பு, அரசின் அலட்சியத்தைக் கண்டு 1961இல் மிசோ தேசிய முன்னணியாக மாறியது. 1966 மார்ச் முதல் தேதி அது தனி நாடு அறிவித்தது. சில நாட்களில் இந்திய விமானப் படை ஐஸ்வால் நகரத்தின் மீது, தன் சொந்தக் குடிமக்கள் மீது, குண்டு வீசியது. பிறகு கிராமங்களைக் காலி செய்து, மக்களைக் காவலுக்கு உட்பட்ட குடியிருப்புகளில் அடைத்தார்கள். கிளர்ச்சி ஓயவில்லை, இருபது ஆண்டுகள் நீடித்தது. 1986 ஜூன் 30 அன்று கையெழுத்தான ஒப்பந்தம்தான் அதை முடித்தது. தேடப்பட்டுவந்த தலைவர் லால்டெங்கா முதலமைச்சரானார். காட்டில் அவருக்குத் துணையாக இருந்த சோரம்தங்கா பின்னாளில் அதே நாற்காலியில் அமர்ந்தார். தாங்கள் மிசோ என்ற உணர்வை அவர்கள் கைவிடவில்லை. அதற்குத் துப்பாக்கி தேவைப்படாத இடம் ஒன்று கிடைத்தது, அவ்வளவுதான்.

அமெரிக்க விமானப் படைக்காகவே தொடங்கப்பட்ட ராண்ட் நிறுவனம்கூட இதற்கு முரணாகச் சொல்லவில்லை. 1968 முதல் 2006 வரையிலான 648 பயங்கரவாதக் குழுக்களை ஆராய்ந்து 2008இல் அது வெளியிட்ட ஆய்வின்படி, முடிவுக்கு வந்த குழுக்களில் 43 விழுக்காடு அரசியலுக்குள் வந்து முடிந்தன. 40 விழுக்காட்டைக் காவல்துறையும் உளவுத்துறையும் முடித்தன. ராணுவத்தால் முடிந்தவை 7 விழுக்காடு.

கருத்தைக் கழுவில் ஏற்றிய கதை நம் ஊருக்கே உரியது. எண்ணாயிரம் சமணர் மதுரையில் கழுவேறியதாகப் பெரியபுராணம் சொல்கிறது. அது நடந்ததா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. நடந்ததென்றே கொள்வோம். அந்தக் கதையிலும் பாண்டியன் மனம் மாறியது, சைவரான சம்பந்தர் பாடி அவன் வெப்புநோய் தீர்ந்ததால். திருவேடகத்தில் சம்பந்தரின் ஏடு வைகையை எதிர்த்துச் சென்றதைக் கண்டதும் வாதம் முடிந்தது. கழுமரம் தோற்றவர்களுக்கானது, அது யாரையும் மாற்றியதாகக் கதையே சொல்லவில்லை. சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். கீழக்குயில்குடி சமணர் மலையில், செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் இருக்கும் தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளுக்கு உரியவை. அதாவது, முடிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் சமணம் இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் ஊருக்குப் பக்கத்திலேயே சிலை செதுக்கிக்கொண்டிருந்தது.

இனி நான் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. 1987இல் நம் அமைதிப் படை யாழ்ப்பாணத்தில் இறங்கியபோது மக்கள் மாலையிட்டு வரவேற்றார்கள் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அக்டோபரில் சண்டை தொடங்கியது; அந்த மாதமே யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் கொல்லப்பட்டார்கள். 1990 மார்ச்சில் படை திரும்பியபோது இந்திய வீரர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். வரவேற்கத் தமிழக முதலமைச்சர் செல்லவில்லை. நீங்கள் அப்போது வவுனியாவில், தமிழ் தெரிந்தவர் என்பதால், தேடுதல் வேட்டைகளில் அதிகாரிகளுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் இடையே பேச்சை மாற்றிச் சொல்லும் வேலையைச் செய்தீர்கள். ஒரு வீட்டைச் சோதித்துவிட்டு நீங்கள் வெளியேறிய பிறகு அந்த வீட்டுப் பிள்ளைகள் எந்தப் பக்கம் போனார்கள்? நான் படித்த நூல்களில் அதிகாரிகளின் பதில் இருக்கிறது, தலைவர்களின் பதில் இருக்கிறது. உங்களைப் போன்ற ஒரு சிப்பாயின் பதிலைத்தான் நான் காணவில்லை. எழுதச் சிரமமாக இருந்தால் திருமங்கலத்துக்கு நானே வருகிறேன், நீங்கள் சொல்லச் சொல்லக் குறித்துக்கொள்கிறேன். நான் சொன்னதற்கு எதிராக இருந்தாலும் ஒரு வரிகூட மாற்றாமல், உங்கள் பெயரைக் குறிப்பிடாமல், இங்கேயே வெளியிடுகிறேன்.

அத்தைக்கு என் வணக்கங்கள்.

தங்கள் அன்புள்ள மருமகன்,
மதுரை